நாலு விரல்

டிரைவிங் ஸ்கூல் டீச்சரின் வலது கால் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாக மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, அந்தக் கால் தனி ஆளாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் போனால் மிதிக்கும். டிவியில் எவனாவது வேகமாகக் கார் ஓட்டினால் சோபாவில் இருந்தபடியே மிதிக்கும். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது, மெஷின் பக்கத்தில் வந்ததும் ஓங்கி மிதித்ததில் டாக்டரின் தட்டு பறந்தது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவியோடு எங்கே கிளம்பினாலும் காலை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லிக் கேலி செய்வார். அவளும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் அந்தக் காலின் புண்ணியத்தில்தான் பத்தொன்பது வருடத்தில் ஒரு மாணவருக்குக்கூட ஒரு கீறல் விழவில்லை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. அவள் படாவிட்டால் அதற்கு வேறு யார் பெருமைப்படப் போகிறார்கள்.

அந்தப் பிரேக் பிடிக்காமல் போன இடம் ஒன்றே ஒன்று. நான்கு வருடத்துக்கு முன்னால் அவளுடைய பெரிய மகள், பதினாறு வயதில், பள்ளிக்கூட வாலிபால் மைதானத்தில் வலைக்கு மேலே எழும்பி ஓர் அடி அடித்தாள். பந்து எதிர்ப்பக்கத்தில் போய் விழுந்தது, பாயிண்ட் கிடைத்தது, எல்லாரும் கைதட்டினார்கள். இறங்கியவள் எழுந்திருக்கவில்லை. யாரும் தள்ளவில்லை, தரை வழுக்கவில்லை. இறங்கும்போது இடது முட்டி உள்பக்கமாக மடங்கியது, உள்ளே இருந்த தசைநார் அறுந்தது, அவ்வளவுதான். அப்புறம் ஆபரேஷன், ஊன்றுகோல், ஒன்பது மாத அவஸ்தை. அன்றைக்குப் பார்வையாளர் வரிசையில் இருந்த அம்மா காலை ஓங்கி மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். சிமெண்டுப் படியில் பிரேக்குக்கு எங்கே போவது.

பெரியவளுக்கு இப்போது இருபது வயது. நன்றாக நடக்கிறாள், மாடி ஏறுகிறாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறாள். வாலிபால் மட்டும் அவளை விட்டுப் போயிற்று. அதைச் சொல்லி அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. அவள் பங்கையும் சேர்த்து அம்மாவே அழுது தீர்த்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் சின்னவள் ஒரு தாளைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். சின்னவளுக்குப் பதினான்கு வயது. ஒரே வருடத்தில் பதினோரு சென்டிமீட்டர் வளர்ந்து, எந்தக் கதவில் எப்போது தலை இடிக்கும் என்று அவளுக்கே தெரியாத பருவம். கூட விளையாடும் பெண்கள் அவளுக்கு ஸ்பிரிங் என்று பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிகளுக்கிடையிலான வாலிபால் போட்டிக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிற தாள் அது. அப்பாவிடம் போனால் அவர் அம்மாவைக் கை காட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார். அம்மா தாளை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் காலை அது மறுபடியும் கதவில் இருந்தது. அடுத்த நாள் துணி மடிக்கிற மேசைக்குப் போயிற்று, அங்கிருந்து கதவுக்குத் திரும்பியது. ஒரு வாரம் இப்படித் தாள் வீட்டைச் சுற்றி வந்ததே தவிர, இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கடைசியில் நடுவே புகுந்தது பெரியவள். ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தங்கை குதித்து இறங்குவதை போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்து, படத்தை மெதுவாக ஓடவிட்டாள். சின்னவள் எழும்புவது பார்க்க அழகாக இருந்தது. இறங்கினாள். கால் விரல்கள் தரையைத் தொட்டன, இடது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து வலது முட்டியை இடிக்கப் போய், கடைசி நொடியில் எப்படியோ நிமிர்ந்துகொண்டது. மேசைக்கு அடியில் அம்மாவின் வலது கால் தரையை அழுத்தியது.

இதற்காகத்தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறேன், இதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்றாள். பெரியவள் போனை அணைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்குக் குதிக்கச் சொல்லிக் கொடுத்தாங்கம்மா. எவ்வளவு உயரம் குதிக்கணும்னு சுவத்துல கோடு போட்டு வெச்சிருந்தாங்க. இறங்க யாரும் சொல்லிக் கொடுக்கலை. நீ யாருக்காவது ஆக்ஸிலேட்டர் மட்டும் சொல்லிக் கொடுத்து ரோட்டுக்கு அனுப்புவியா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பா, லிஃப்ட்டிலும் அப்படித்தான், மேலே போகிறதில் ஒன்றுமில்லை, இறங்குவதில்தான் விஷயம் என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முறைத்ததில் செய்தித்தாள் மறுபடியும் உயர்ந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அந்த வருடம் ஒரு பிசியோ வந்து சேர்ந்திருந்தாள். இளம்பெண். எப்போதும் ஒரு பை நிறைய ரப்பர் வளையங்களோடு திரிந்ததால் பெண்கள் அவளை ரப்பர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். டிரைவிங் டீச்சர் மறுநாளே அவளைப் போய்ப் பார்த்தாள். முட்டி பாவம், அதன்மேல் தப்பே இல்லை என்று பிசியோ ஆரம்பித்தாள். அது நடுவில் மாட்டிக்கொண்ட ஆள். மேலே இடுப்பும் கீழே பாதமும் எப்படி இழுக்கிறதோ அப்படிப் போகும். இந்த வயதில் எலும்பு மடமடவென்று நீண்டுவிடுகிறது, இடுப்பையும் தொடையையும் பிடிக்கிற தசைகள் பின்தங்கிவிடுகின்றன. அவற்றைப் பலப்படுத்தி, முட்டியை மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, பாதத்துக்கு நேராக முட்டி வரும்படி மெத்தென்று இறங்கப் பழக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஆட்டத்துக்கு முன்னால் பதினைந்து நிமிடம், ஆறு வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும், அப்புறமும் விடாமல் செய்ய வேண்டும் என்றாள்.

அப்படிச் செய்தால் என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதித் தருவாயா என்று டீச்சர் கேட்டாள். பிசியோ தலையை ஆட்டி மறுத்தாள். அடிபடும் வாய்ப்பு நன்றாகக் குறையும், அதற்கு மேல் சொன்னால் பொய் என்றாள். டீச்சருக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அவளும் தன் மாணவர்களிடம் அப்படித்தான் சொல்வாள். ஆறு வாரம் போகட்டும், நானே வந்து பார்க்கிறேன், அப்புறம் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று இரவு தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலேயே, கையெழுத்தில்லாமல், நிம்மதியாகத் தூங்கியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நேராக நடக்கவில்லை. முட்டிக்கு மேலே ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு, பாதி உட்கார்ந்த நிலையில், சின்னவள் நடைபாதையில் நண்டாகப் பக்கவாட்டில் போய்வந்தாள். வேலை முடிந்து கருவிப் பையோடு வருகிற அப்பா சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட்டார். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் மெதுவாக உட்கார்ந்து எழுந்தாள், வாய் நிறைய நுரையோடு எண்ணிக்கை வேறு. தொடையின் பின்பக்கத்துக்கான பயிற்சிதான் எல்லாவற்றிலும் கொடுமை. மண்டியிட்டு நிமிர்ந்திருக்க வேண்டும், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை வளைக்காமல் முன்பக்கமாக மெதுமெதுவாகச் சாய வேண்டும். அம்மா கணுக்காலைப் பிடித்தாள். முதல் நாள் சின்னவள் இரண்டு என்று எண்ணுவதற்குள் தலையணையில் மூக்குப் பதிய விழுந்தாள். அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பிடியை விட்டுவிட்டாள், கால்கள் இரண்டும் எம்பி அவள் தாடையில் பட்டன. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது ரகசியமாகச் செய்து பார்த்திருக்கிறார். பெரியவள் வந்து கதவைத் திறந்தபோது தூக்கிய இடுப்பை இறக்கத் தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் சொன்னபடியே வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூட அரங்கத்துக்கு வந்தாள். முதல் நாள் ஓரமாக உட்கார்ந்தாள். இரண்டாவது நாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். மூன்றாவது நாள் தரையில் சாக்பீஸால் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு கோடு போட்டு, முட்டி கோட்டைத் தாண்டுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பலகை மேலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கும்போது முட்டி கொஞ்சம் உள்ளே வந்தால் போதும், "முட்டி" என்று ஒரு சத்தம் வரும், அரங்கத்தின் கண்ணாடிகள் அதிரும். பத்தொன்பது வருடம் வாகன நெரிசலுக்கு நடுவில் பேசிப் பழகிய குரல் அது. பெண்கள் அவளுக்கு முட்டி ஆன்ட்டி என்று பெயர் வைத்தார்கள். அது தெரிந்ததும் அவள் கோபப்பட்டதாகக் காட்டிக்கொண்டாள், மனசுக்குள் குளிர்ந்துபோனாள்.

நான்கு வாரத்தில் பலன் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் தெரிந்தது. முன்பெல்லாம் அந்தப் பெண்கள் இறங்கினால் லாரியிலிருந்து மூட்டை தள்ளுகிற சத்தம் கேட்கும். இப்போது ஷூ தரையில் உரசுகிற சத்தத்தோடு சரி. பெரியவள் மறுபடியும் படம் பிடித்தாள். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோது சின்னவளின் இரண்டு முட்டிகளும் பாதத்துக்கு நேராக, மரியாதையாக மடங்கின. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் படத்தை டிரைவிங் ஸ்கூல் மாணவர்களுக்கெல்லாம் காட்டினாள். பிரேக் என்றால் இப்படிப் பிடிக்க வேண்டும் என்று விளக்கமும் சொன்னாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஐந்தாவது வாரம், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு ஒரு பயிற்சி ஆட்டம் ஏற்பாடாயிற்று. டீச்சர் அன்றைய வகுப்புகளை ரத்து செய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் பந்தே வினோதமாக இருந்தது. எதிர்ப்பக்கம் போட்ட சர்வீஸ் சாதாரணமாகத்தான் வந்தது. சின்னவள் எடுத்தாள், அடுத்தவள் தூக்கிக் கொடுத்தாள், மூன்றாவது பெண் எழும்பி அடித்தாள். அருமையாக இறங்கினாள், இறங்கியதும் குனிந்து தன் முட்டியைப் பார்த்தாள். அவள் முட்டி சரியாக இருந்ததா என்று பார்க்க மற்ற ஐந்து பேரும் அதையே பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்த பந்து ஆறு பேருக்கும் நடுவில் வந்து, யாரும் கவனிக்காததால், தானே இரண்டு முறை துள்ளிவிட்டு ஓரமாக உருண்டு போயிற்று. ஏதோ தற்செயல் என்று நினைத்தார்கள். அடுத்த பந்துக்கும் அதேதான். வலையில் இரண்டு பேர் தடுக்க எழும்பினார்கள், இறங்கினார்கள், நான்கு முட்டிகளையும் ஆறு பேரும் ஆராய்ந்தார்கள், பந்து பின்னால் விழுந்தது. எதிர்ப்பக்கத்துப் பெண்கள் வந்த சிரிப்பை வாயைப் பொத்தி அடக்கினார்கள். இருபத்தைந்துக்கு ஒன்பது. ஒன்பதும் அவர்கள் தப்பாக அடித்துக் கொடுத்தது.

பள்ளிக்கூடக் கோச் பேசும்போதுகூட விசிலை வாயிலிருந்து எடுக்காத மனிதர். அன்றைக்கு எடுத்தார்.

"பந்தைப் பார்க்கத் தெரிஞ்ச பிள்ளைங்களைத் தரையைப் பார்க்க வெச்சுட்டீங்க. போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கு. நாளையிலேருந்து ரப்பரும் வேண்டாம், கோடும் வேண்டாம்."

பிசியோ ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். கண் கலங்கியிருந்தது. பெண்களின் கண்ணை நிமிர்த்தி, பந்தோடு சேர்த்து இறங்கப் பழக்க வேண்டிய கட்டத்துக்கு மூன்றாவது வாரமே போயிருக்க வேண்டும், தாமதித்தது என் தப்பு என்று மெதுவாகச் சொன்னாள். யாருடைய தப்பு என்று டீச்சருக்குத் தெரியும். ஐந்து வாரமாக முட்டி முட்டி என்று அலறியது யார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சின்னவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பயிற்சி நின்றால் கையெழுத்தும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலை டீச்சரின் முதல் மாணவர் ஒரு பேக்கரிக்காரர். ஐம்பது வயது, பெரிய உடம்பு, சின்ன மனசு. எதைக் கண்டாலும் பயம். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் தலையைக் குனிந்து கியர் கம்பியைப் பார்ப்பார், வண்டி அதற்குள் தன் இஷ்டத்துக்கு ஓரமாகப் போகும். அன்றும் குனிந்தார். வண்டி ஒரு பூந்தொட்டிக் கடையைப் பார்த்துத் திரும்பியது. டீச்சரின் கால் தன் கடமையைச் செய்தது. வாயும் தன் பாட்டுக்கு, பத்தொன்பது வருடமாகச் சொல்லி வருகிறதைச் சொன்னது.

"கீழ பார்க்காதீங்க. கியர் அங்கதான் இருக்கு, எங்கயும் ஓடிப்போகாது. கண்ணு தூரத்துல இருக்கட்டும், கை தானா..."

வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திவிட்டாள். பேக்கரிக்காரர் பயந்துபோய் கிளட்சை விட்டார், வண்டி உதறி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. டீச்சர் தன் நெற்றியில் தானே ஓர் அறை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள். ஊருக்கெல்லாம் சொல்கிற பாடத்தைப் பெற்ற பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வண்டியை எடுங்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம் என்றாள். பேக்கரிக்காரர் இதுவரை மூன்றாவது கியரைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் தலையைக் குனியாமல் நான்காவது கியர் வரைக்கும் போனார், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சைக்கிளை முந்தினார்.

கோச்சிடம் போய் டீச்சர் ஐந்தே ஐந்து நாள் கேட்டாள். அவர் விசிலுக்குப் பின்னாலிருந்து மூன்று என்றார், நான்கில் முடிந்தது. பிசியோவும் அவளும் உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாக்பீஸ் கோடுகளை அழித்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு டீச்சர் மேலே ஏறி நின்றாள். பெண்கள் குதித்து இறங்கும் அதே நொடியில் அவள் கையைத் தூக்கி விரல்களைக் காட்டுவாள். எத்தனை விரல் என்று இறங்கிக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும். முட்டியைப் பார்க்கிற வேலை பிசியோவுக்கு, பெண்களுக்கு இல்லை.

முதல் நாள் கூத்தாக இருந்தது. விரலைச் சரியாகச் சொன்னவளின் முட்டி உள்ளே போயிற்று, முட்டியைச் சரியாக வைத்தவள் ஒற்றைக் கையைப் பார்த்து ஏழு என்றாள். இரண்டாவது நாள் பாதி தேறியது. மூன்றாவது நாள் பந்தையும் சேர்த்தார்கள். ஒருத்தி தூக்கிக் கொடுக்க, ஒருத்தி எழும்பி அடித்து, "மூணு" என்று கத்திக்கொண்டே இறங்க, அடுத்த பந்து அதற்குள் வந்துவிடும். நான்காவது நாள் கோச் விசில் ஊத மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அடிபடுகிற சத்தம், ஷூ உரசுகிற சத்தம், ரெண்டு, அஞ்சு, ஒண்ணு, நாலு என்று ஒரே கூச்சல், ஆனால் ஆறு தலைகளில் ஒன்றுகூடக் குனியவில்லை. பிசியோ ஓரத்தில் மண்டியிட்டு முட்டிகளைப் பார்த்துக்கொண்டே கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

அன்று இரவு டீச்சர் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னவளைக் கூப்பிட்டாள். நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நான் முன் வரிசையில உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு தடவை உன் முட்டி உள்ள மடங்குறதை நான் பார்த்தேன்னா எழுந்து நிப்பேன். நான் எழுந்து நின்னா, ஸ்கோர் என்னவா இருந்தாலும், நீ வெளிய வந்துடணும்."

சின்னவளுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

"சரி. ஆனா உள்ள மடங்கினா மட்டும்தான். உனக்குப் பயமா இருக்குன்னு எழுந்துக்கக் கூடாது."

அம்மா கையெழுத்துப் போட்டாள். பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை, எங்கேயும் போகவில்லை, வலது காலில் உட்கார்ந்திருந்தது.

முதல் சுற்றிலேயே பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிதான் எதிரி. தோற்கிறவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒன்பது பாயிண்ட் கதை அங்கே நன்றாகப் பரவியிருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே களத்தில் இறங்கினார்கள். முதல் செட்டில் இருபது பாயிண்ட் வரும்போது சிரிப்பு நின்றது, அந்தச் செட்டில் தோற்றார்கள். இரண்டாவது செட்டை அவர்கள் ஜெயித்துச் சமன் செய்துவிட்டார்கள்.

டீச்சர் முன் வரிசைப் பலகையில் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பெரியவள், கையில் போனோடு. மறுபக்கம் அப்பா. சின்னவள் எழும்பும்போதெல்லாம் அம்மாவின் வலது கால் சிமெண்டுத் தரையை மிதித்தது. நாற்பது தடவையாவது மிதித்திருக்கும். நாற்பது தடவையும் முட்டிகள் நேராகவே மடங்கின, அவளும் நேராகவே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது செட். பத்துக்குப் பத்து. தூக்கிக் கொடுத்த பந்து வலைக்கு மிக அருகில் போய்விட்டது. சின்னவள் காற்றில் உடம்பை முறுக்கி எப்படியோ அதைத் தட்டிவிட்டாள், ஆனால் இரண்டு காலில் இறங்க முடியவில்லை. இடது கால் மட்டும் தரையைத் தொட்டது. பெரியவளுக்கு அறுந்ததும் அதே பக்கத்துக் கால்தான். அம்மா பலகையிலிருந்து எழும்பிவிட்டாள். ஒரு சாண் உயரம் இருக்கும். சின்னவள் ஒற்றைக் காலில் தள்ளாடியபடி திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அந்த ஒரு சாண் உயரத்தில் அம்மா அப்படியே நின்றாள். எழுந்துவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அவள் கண்ணால் பார்த்தாளே. இடுப்பு பின்னால் போனது, முட்டி ஆடியது, ஆடினாலும் பாதத்துக்கு நேராகத்தான் மடங்கியது. உள்ளே போகவில்லை. பயந்தது நிஜம், மடங்கவில்லை என்பதும் நிஜம். அம்மா மெதுவாக, மூன்று எண்ணிக்கையில், பலகையில் திரும்ப உட்கார்ந்தாள். சின்னவள் வலது காலையும் ஊன்றிக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள்.

பதினான்குக்குப் பதின்மூன்று, சின்னவளின் அணி முன்னால். இன்னும் ஒரு பாயிண்ட் போதும். பந்து அங்கும் இங்கும் போய்க்கொண்டே இருந்தது, யாரும் கீழே விடவில்லை. அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. பேக்கரிக்காரர்கூட எங்கிருந்தோ வந்து மூன்றாவது வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவளுக்கும் எழத் துடித்தது, கத்தத் துடித்தது. ஆனால் எழுந்தால் பிரேக். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பந்து உயர்ந்தது. அழகான பந்து. சின்னவள் மூன்று எட்டு ஓடி எழும்பினாள். நான்கு வருடத்துக்கு முன்னால் பெரியவள் எழும்பினாளே, அதே உயரம், அதே கை. அம்மாவால் முடியவில்லை. வலது கையால் முகத்தை மூடிக்கொண்டுவிட்டாள்.

அடி விழுந்த சத்தம் கேட்டது. இறங்கிய சத்தம் கேட்கவில்லை. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை, ஏனென்றால் அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். அம்மா கையை எடுக்கவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஸ்கோர் இல்லை.

யாரோ முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றார்கள். வியர்வை வாசனை. ஈரமான கை ஒன்று அவள் கையைப் பிடித்து முகத்திலிருந்து இறக்கியது. சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலிலும், நேராக, காது வரைக்கும் சிரிப்போடு.

ஆறு வாரம் காவல் காத்துவிட்டு, கடைசி ஒன்றைக் கோட்டைவிட்டதை அம்மா சொல்லத்தான் வேண்டும்.

"நான் பார்க்கலைடி."

"நான் பார்த்தேன்மா" என்றாள் சின்னவள். "இறங்குறப்ப பார்த்தேன். நாலு விரல்."

அம்மா தன் கையை விரித்துப் பார்த்தாள். கட்டை விரலைக் கன்னத்துக்கு அடியில் வைத்து, மீதியால் முகத்தை மூடியிருந்தாள். நாலுதான். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, எது எது என்று அவளுக்கே தெரியவில்லை. பக்கத்தில் பெரியவள் போனை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடத்தில் அம்மா பார்க்க அவள் அழுதது அதுதான் முதல் தடவை, முகமெல்லாம் சந்தோஷம்.

சின்னவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"இப்ப எழுந்துக்கலாம்மா."

அம்மா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு மணி நேரம் பலகையில் உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது, வலது முட்டி தடுமாறி உள்பக்கமாகச் சாய்ந்தது.

"முட்டி" என்று பின்னால் நின்ற ஆறு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அரங்கத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன.